கவலையால் புற்றுநோய் வருமா? ஒரு மகளுக்குப் பதில்

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. அவருடைய அம்மாவுக்கு 54 வயது. மூன்று மாதங்களுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரியவந்து, இப்போது கீமோதெரபி நடக்கிறது. இரண்டு வருடமாக மகளின் திருமணம் தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. "அந்தக் கவலைதான் அவளை அரித்துவிட்டது" என்று பெரியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். இணையத்தில் தேடினால், மன அழுத்தம் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கும், அது டி.என்.ஏ-வைச் சிதைக்கும், அதனால் புற்றுநோய் வரும் என்று மூன்றே வரியில் முடித்திருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "என்னால்தான் அம்மாவுக்கு வந்ததா? இந்த மாத்திரையைத் தரலாமா?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை, உங்களால் வரவில்லை. இரண்டாவதற்கு: அம்மாவுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒரு மாத்திரைகூடத் தர வேண்டாம். ஆறுதலுக்காக ஒன்றையும் பயமுறுத்துவதற்காக இன்னொன்றையும் சொல்லவில்லை. இருபத்தாறு வருடம் உயிர்வேதியியல் கற்பித்தவன் நான். அதில் பாதிக் காலம் டி.என்.ஏ சேதத்தை அளக்கும் ஆய்வகத்தில் கழிந்தது. இந்தப் பதில்கள் எங்கிருந்து வருகின்றன என்று உங்களுக்கே தெரிந்தால்தான், பெரியம்மா அடுத்த முறை வாய் திறக்கும்போது உங்கள் மனம் ஆட்டம் காணாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குழப்பம் ஒரு சொல்லில் தொடங்குகிறது. ரத்த அழுத்தம், மன அழுத்தம், ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று மூன்று வேறு சங்கதிகளுக்கு ஒரே 'அழுத்தம்' என்ற சொல்லை வைத்திருக்கிறோம். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றாக மாறிவிடும் என்று தோன்றுகிறது. மன அழுத்தத்தின் உடல் விளைவுகளை முதலில் துலக்கிக் காட்டியவர் ஹான்ஸ் செல்யே. 1936இல் கனடாவின் மான்ட்ரியாலில் இருந்தபோது, எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், விஷம் கொடுத்தாலும் அவற்றின் உடல் ஒரே மாதிரி பதில் சொல்வதை அவர் பார்த்தார். அட்ரினல் சுரப்பி பெருத்தது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 1985இல், ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்ற கருத்தை வகுத்தார். செல்லுக்குள் ஆக்சிஜனேற்றம் செய்யும், அதாவது மற்றவற்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும், பொருள்களின் கை ஓங்கி, அவற்றை அடக்கும் பொருள்களின் (ஆன்டி ஆக்சிடன்ட்களின்) கை தாழ்ந்துபோகும் நிலைக்கு அவர் வைத்த பெயர் அது. அதில் மனம் எங்கும் வரவில்லை. முழுக்க முழுக்க ரசாயனம்.

அந்த ரசாயனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வெற்றிலை போடும் பாட்டி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பாக்குக்குத் தனியாகச் சிவப்பு கிடையாது, வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை. மூன்றும் சேர்ந்ததும் வாய் சிவக்கிறது. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கிலுள்ள பாலிஃபீனால்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறுவதுதான் அந்தச் சிவப்பு. அப்படி மாறும்போது சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற ஆக்சிஜனேற்றப் பொருள்கள் உண்டாகின்றன. கன்னத்தின் ஒரே இடத்தில் வெற்றிலையை அடக்கி வைப்பவர்களுக்கு அந்த இடத்துச் செல்கள் வருடக்கணக்கில் இந்தப் பொருள்களில் ஊறுகின்றன. பாக்கு தரும் கேடு இது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது, வேறு வழிகளும் உண்டு. ஆனால் புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுதியில் தீர்ப்பெழுதியது. புகையிலை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று இன்னமும் நம்புகிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்த இடத்தில் இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

வெற்றிலையே போடாதவர் உடலிலும் இதே பொருள்கள் ஓயாமல் உண்டாகிக்கொண்டுதான் இருக்கின்றன. நாம் இழுக்கும் மூச்சின் ஆக்சிஜன், செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களை வாங்கித் தண்ணீராக மாற வேண்டும். வழியில் சிறு பங்கு அரைகுறையாக நின்றுபோய்ச் சூப்பராக்சைடு ஆகிறது. இதை அடக்குவதற்கென்றே உடல் ஒரு நொதியை வைத்திருக்கிறது என்பதை 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். உடலே ஒரு காவலை நியமித்திருக்கிறது என்றால் திருட்டு வழக்கமாக நடக்கிறது என்றுதானே பொருள்?

இனி நான் சொல்ல வந்த விஞ்ஞானியிடம் வருகிறேன். அவர் புரூஸ் ஏம்ஸ். 1928இல் நியூயார்க்கில் பிறந்தவர், 2024இல் 95 வயதில் மறைந்தார். வாழ்நாளின் பெரும்பகுதி கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேலை செய்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ரசாயனம் புற்றுநோயை உண்டாக்குமா என்று அறிய எலிகளுக்கு இரண்டு வருடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். செலவும் ஏராளம். ஏம்ஸ் அதை இரண்டு நாளில், ஒரு கண்ணாடித் தட்டில் செய்து காட்டினார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானாகத் தயாரிக்க முடியாதபடி பழுதான சால்மோனெல்லா பாக்டீரியாவை எடுத்தார். ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் அது வளராது. சோதிக்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்த்தபின் தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ச்சி தெரிந்தால், அந்த ரசாயனம் டி.என்.ஏ-வில் கைவைத்து, பழைய பழுதைத் தற்செயலாகத் திருப்பிவிட்டது என்று பொருள். எத்தனை புள்ளிகளோ அந்த அளவு கேடு. சில ரசாயனங்கள் கல்லீரலில் மாறிய பிறகுதான் நச்சாகும் என்பதால், எலியின் கல்லீரல் சாற்றையும் தட்டில் கலந்தார். இந்தப் பாக்டீரியாக்களைக் கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பிவைத்தார். உலகெங்கும் புதிய மருந்தோ பூச்சிக்கொல்லியோ சந்தைக்கு வருமுன் இன்றும் இந்தச் சோதனையைத் தாண்டியாக வேண்டும்.

1977இல் ஏம்ஸும் ஆர்லின் பிளம் என்ற வேதியியலாளரும் சேர்ந்து, குழந்தைகளின் இரவு உடைகளில் தீப்பிடிக்காமலிருக்கப் பூசும் 'ட்ரிஸ்' என்ற பொருள் டி.என்.ஏ-வைப் பிறழவைக்கிறது என்று எழுதினார்கள். அதே வருடம் அமெரிக்க அரசு அந்த உடைகளைத் தடை செய்தது. மறுவருடம் இதே ஆர்லின் பிளம்தான் பெண்கள் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கி அன்னபூர்ணா மலைக்குப் போனார். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் ஒரு வருடமும் விட்டதில்லை. மாணவிகள் நிமிர்ந்து உட்காரும் இடம் அது.

வெளியிலிருந்து வரும் ரசாயனங்களைத் தேடிக்கொண்டிருந்த ஏம்ஸ், எண்பதுகளில் பார்வையை உள்ளே திருப்பினார். நாம் மூச்சுவிடுவதாலேயே டி.என்.ஏ எவ்வளவு அடிபடுகிறது என்று கேட்டார். டி.என்.ஏ-வின் 'எழுத்துகள்' என்று நாங்கள் சொல்லும் மூலக்கூறுகளில் அடிபட்டவற்றைச் செல் வெட்டியெடுத்து வீசும், அவை சிறுநீரில் வெளியேறும், ஆகவே சிறுநீரில் எண்ணினால் கணக்கு கிடைக்கும் என்பது அவருடைய யோசனை. மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 அடி விழுகிறது என்று 1993இல் எழுதினார். எலியில் அதைப்போலப் பத்து மடங்கு.

இந்த அடிகளில் முக்கியமான ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். டி.என்.ஏ-வின் நான்கு எழுத்துகளில் எளிதாக ஆக்சிஜனேற்றம் அடைவது குவானைன். அது அடிபட்டால் 8-ஆக்ஸோகுவானைன் ஆகிறது. நல்ல குவானைன் சைட்டோசினோடு மட்டும் கைகோக்கும். அடிபட்ட குவானைன் ஆள் மாறாட்டத்துக்கு இடம் கொடுத்து அடினைனோடும் கைகோத்துவிடும். செல் பிரியும்போது இந்தத் தவறு நகலெடுக்கப்பட்டால், குவானைன் இருந்த இடத்தில் தைமின் நிலையாக உட்கார்ந்துவிடுகிறது. இதைத் திருத்தும் நொதிகள் நம்மிடம் உண்டு. ஒன்று அடிபட்ட குவானைனையே வெட்டி எடுக்கும். முட்டிஒய்எச் என்ற இன்னொன்று, தவறாக எதிரில் வந்து உட்கார்ந்த அடினைனை எடுக்கும். 2002இல் பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள், பெருங்குடலில் நிறையக் கட்டிகள் வந்த ஒரே குடும்பத்து உடன்பிறப்புகளின் கட்டிகளைப் பிரித்துப் படித்தார்கள். குவானைன் தைமினாக மாறிய தடம் வரிசையாகத் தெரிந்தது. அவர்களிடம் முட்டிஒய்எச் மரபணுவின் இரு பிரதிகளும் பழுது. ஆக்சிஜனேற்றச் சேதம் திருத்தப்படாமல் போனால் மனிதனுக்குப் புற்றுநோய் வரும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

ஆக, இணையத்தில் நீங்கள் படித்த மூன்று வரியில் கடைசி வரி உண்மைதான். ஆனால் அது அளவைப் பொறுத்த உண்மை.

ஆய்வகத்தில் 'வால்நட்சத்திரச் சோதனை' என்று ஒன்று செய்வோம். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தின் வெள்ளை அணுக்களை மெல்லிய ஜெல்லில் பதித்து, கண்ணாடிச் சில்லில் பூசி, செல்லின் சவ்வைக் கரைத்துவிட்டு, காரக் கரைசலில் மின்சாரம் செலுத்துவோம். பிறகு சாயம் ஏற்றி, இருட்டறையில் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சேதமில்லாத டி.என்.ஏ முழுநிலவுபோல் வட்டமாக ஒளிரும். அறுந்த டி.என்.ஏ மின்சாரத்தில் இழுபட்டு, வட்டத்துக்குப் பின்னால் வால்போல் நீளும். வளர்ப்புச் செல்களைப் பனிக்கட்டிமேல் வைத்து ஐந்து நிமிடம் ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்தால் தட்டு முழுக்க வால்நட்சத்திரங்கள். அதே செல்களைக் கழுவி, வெதுவெதுப்பான ஊட்டக் கரைசலில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பார்த்தால் பெரும்பாலானவை மறுபடி நிலவாகியிருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று நான் சாப்பாட்டு நேரத்தை மறந்து உட்கார்ந்திருந்தேன். அடி விழுந்த செய்தியை எல்லோரும் சொல்கிறார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்தச் செல் செய்யும் வேலையை யாரும் சொல்வதில்லை. இந்தத் திருத்தும் வேலையை விளக்கியதற்காகத்தான் 2015இல் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அசீஸ் சன்ஜார் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

அளப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. டி.என்.ஏ-வைச் செல்லிலிருந்து பிரித்தெடுக்கும்போதே காற்றுபட்டுக் குவானைன் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். செல்லுக்குள் நடந்த சேதம் எது, நம் சோதனைக் குழாயில் நடந்தது எது என்று தெரியாமல் போனது. ஐரோப்பிய ஆய்வகங்கள் பல கூட்டாகச் சேர்ந்து ஒரே மாதிரியை அளந்து பார்த்தபோது, ஒருவர் சொன்ன எண்ணுக்கும் மற்றவர் சொன்னதற்கும் நூறு மடங்கு வரை வித்தியாசம் இருந்தது. ஏம்ஸின் ஆய்வகமே 1998இல் முறையைச் சீர்செய்து, தன் பழைய எண்கள் மிகை என்று காட்டி, மிகவும் குறைந்த எண்களை வெளியிட்டது. தன் பெயரோடு உலகம் முழுக்கப் பரவிவிட்ட ஓர் எண்ணைத் தானே இறக்கிவைக்க நேர்மை வேண்டும். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்தக் கட்டுரையால்தான். ஆனால் '10,000 அடி' என்ற வாசகம் விளம்பரங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் வீட்டுக் கேள்வி. மனக்கவலைக்கும் இந்த ரசாயனச் சேதத்துக்கும் பாலம் உண்டா? உண்டு. ஆனால் ஒடுங்கிய பாலம்.

2004இல் எலிசா எப்பெல், எலிசபெத் பிளாக்பர்ன் குழு 58 தாய்மார்களைப் பரிசோதித்தது. அவர்களில் 39 பேர் நாள்பட்ட நோயுள்ள பிள்ளையைப் பராமரிப்பவர்கள். மனச்சுமை மிக அதிகம் என்று சொன்ன தாய்மார்களுக்கு, குரோமோசோம் நுனியிலுள்ள காப்பு உறையான டீலோமியர் குட்டையாகவும் ஆக்சிஜனேற்ற அழுத்தக் குறியீடு கூடுதலாகவும் இருந்தன. 58 பேர் என்பது சிறிய எண். புற்றுநோய் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

2011இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் குழு இன்னும் ஒரு படி உள்ளே போனது. அடுத்த வருடம் நோபல் பெற்ற அதே லெஃப்கோவிட்ஸ். அட்ரினலின் வேலை செய்யும் வாசலைத் தூண்டும் மருந்தைச் சுண்டெலிகளுக்கு நான்கு வாரம் இடைவிடாமல் செலுத்தினார்கள். செல்லின் காவலனான பி53 புரதம் குறைந்தது, டி.என்.ஏ சேதம் சேர்ந்தது. படபடப்பு ஹார்மோன் டி.என்.ஏ வரை எட்ட ஒரு வழி இருக்கிறது என்று இது காட்டியது. இணையத்தின் மூன்று வரிக்கு மூலம் இப்படிப்பட்ட ஆய்வுகள்தான். ஆனால் அந்த எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததாக அந்தக் கட்டுரை சொல்லவில்லை. நான்கு வாரம் இரவும் பகலும் மருந்து ஏறுவதும், ஜாதகம் பொருந்தவில்லையே என்று ஒரு தாய் இரவில் தூக்கமில்லாமல் புரள்வதும் ஒன்றல்ல.

மனிதர்களிடம் பார்த்தால் படம் இன்னும் தெளிவு. 2013இல் ஐரோப்பாவின் பன்னிரண்டு ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக்கி, ஏறத்தாழ 1,16,000 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் 5,700 பேருக்குப் புற்றுநோய் வந்தது. வேலையில் கடும் அழுத்தம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. மார்பகம், பெருங்குடல், நுரையீரல், புரோஸ்டேட் என்று தனித்தனியாகப் பார்த்தும் இல்லை. பிறகு மன உளைச்சல், மனச்சோர்வு உள்ளவர்களைப் பற்றி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு நடந்த இன்னொரு ஆய்விலும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை. நுரையீரல், புகைப்பழக்கம் சார்ந்த புற்றுநோய்களில் மட்டும் சிறிது தெரிந்தது. சிகரெட்டையும் மற்ற காரணங்களையும் கணக்கில் எடுத்ததும் அதுவும் பெருமளவு கரைந்துபோனது. கவலைப்படுகிறவர் அதிகம் புகைக்கிறார், குடிக்கிறார், நடப்பதை விட்டுவிடுகிறார். கவலை புற்றுநோய்க்குப் போகும் பெரிய சாலை அதுதான். உங்கள் அம்மா இவற்றில் எதைச் செய்தார்?

இதோடு ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கையில் தட்டுப்படும் ஒரு சென்டிமீட்டர் கட்டியில் நூறு கோடி செல்கள் அளவுக்கு இருக்கும் என்பார்கள். ஒரு செல் அத்தனையாக வேண்டுமானால் ஏறத்தாழ 30 முறை இரட்டிப்பாக வேண்டும். மார்பகக் கட்டிகள் பலவும் ஒருமுறை இரட்டிப்பாக மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் எடுத்துக்கொள்கின்றன. மூன்று மாதம் என்றே வைத்தாலும் ஏழரை வருடம். 2023இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் செய்ஷி ஒகாவா குழு, மார்பகக் கட்டிகளின் மரபணுக்களில் பதிந்த பிறழ்வுகளை மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் எண்ணிப் பின்னோக்கிப் போனது. சில வகைக் கட்டிகளில் முதல் மாற்றம் அந்தப் பெண் பூப்பெய்தும் வயதை ஒட்டி நிகழ்ந்திருந்தது. உங்கள் அம்மாவின் கட்டிக்குள் முதல் தவறு நேர்ந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கலாம், பிறக்காமலேகூட இருந்திருக்கலாம். இரண்டு வருடமாகத் தள்ளிப்போன திருமணத்துக்கு அங்கே இடமே இல்லை.

அப்படியானால் கவலையை முற்றிலும் ஒதுக்கிவிடலாமா என்றால், அதுவும் சரியல்ல. நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொரு பக்கம் இருக்கிறது. ஏற்கெனவே கட்டி இருக்கும் உடலில் நீடித்த மன அழுத்தம் என்ன செய்கிறது என்ற ஆய்வுகள் இதைவிட வலுவானவை. 2006இல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் அனில் சூத் குழு, சினைப்பைப் புற்றுநோய் உள்ள சுண்டெலிகளைத் தினமும் அசையமுடியாதபடி சிறிது நேரம் அடைத்துவைத்தது. கட்டிகள் வேகமாக வளர்ந்தன, அவற்றுக்குப் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்தன. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் நம்மூர் மருத்துவர்கள் எழுதித் தரும் பழைய மருந்தான புரோப்ரனலால் அதைத் தடுத்தது. 2010இல் எரிகா ஸ்லோன் குழு மார்பகப் புற்றுநோய் எலிகளில் முதல் கட்டி அவ்வளவாக மாறாவிட்டாலும், மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது 30 மடங்கு கூடியதைக் கண்டது. 2024இல் ஷுவே-யான் ஹே, மிக்காலா எகெப்ளாட் ஆகியோர் காரணங்களில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மன அழுத்த ஹார்மோன்கள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களைத் தூண்டுகின்றன. கிருமியைப் பிடிக்க அவை வீசும் டி.என்.ஏ வலை, அழுத்தத்துக்கு ஆளான எலியின் நுரையீரலில் கிருமி இல்லாமலே விரிகிறது. அலையும் புற்றுநோய் செல் வந்து ஒட்ட அது வசதியாகிவிடுகிறது. ஆக்சிஜனேற்றம் மறுபடி எட்டிப்பார்க்கும் இடம் இது. நியூட்ரோஃபில் வலை வீசப் பல சமயம் பயன்படுத்துவது ஆக்சிஜனிலிருந்து வரும் அதே கூர்மையான பொருள்களைத்தான்.

மெல்பர்னில் 60 பெண்களுக்கு மார்பக அறுவைக்கு முன் ஒரு வாரம் புரோப்ரனலாலோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களின் கட்டியில் பரவலோடு தொடர்புள்ள மரபணுக் குறிகள் குறைந்திருந்தன. ஆயுள் நீண்டதா என்பதைச் சொல்லும் ஆய்வல்ல அது. யாரும் இதைப் படித்துவிட்டு மருந்துக் கடையில் போய் புரோப்ரனலால் கேட்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

இதிலிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மாவின் கவலை கட்டியை உண்டாக்கவில்லை. ஆனால் சிகிச்சை நடக்கும் இந்த மாதங்களில் அம்மா நிம்மதியாகத் தூங்குவது பொருட்படுத்த வேண்டிய விஷயம். அப்படியிருக்க, அவர் காதுபடவே 'கவலைப்பட்டுத்தான் வரவழைத்துக்கொண்டாள்' என்று சொல்வது நோயாளிக்கு இழைக்கும் கொடுமை. நோயோடு பழியையும் அவர் தலையில் ஏற்றுகிறது. மகளையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. பெரியம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று நம்புகிறேன். காரணம் தெரியாத துயரத்தைத் தாங்க முடியாமல் நாம் எல்லோரும் ஏதோ ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்கிறோம். இருந்தாலும் வீட்டுப் பெரியவர் யாராவது அவரைத் தனியே அழைத்து, அம்மா எதிரில் இந்தப் பேச்சு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். அப்பாவோ மாமாவோ சொன்னால் நல்லது. நீங்களே சொல்ல வேண்டிய நிலைக்கு விட வேண்டாம்.

கடைசியாக அந்த டப்பா. ஆக்சிஜனேற்றம் கெடுதல் என்றால் ஆன்டி ஆக்சிடன்ட் நல்லதுதானே என்று தோன்றும். ஏம்ஸ் காலத்து விஞ்ஞானிகள் பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக இருந்ததும் உண்மை. அதனால் பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பழக்கக்காரர்களுக்கு, காய்கறி, பழங்களில் இருக்கும் ஆன்டி ஆக்சிடன்ட்களான பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மாத்திரைகளைப் பல வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இதே மாதிரி ஆய்வை 1996இல் பாதியில் நிறுத்தினார்கள், அங்கே 28 சதவீதம் கூடியிருந்தது. பிறகு 35,533 ஆண்களிடம் நடந்த ஆய்வில் வைட்டமின் ஈ தனியாக எடுத்தவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011இல் தெரிந்தது.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு பதில் பிறகு கிடைத்தது. புற்றுநோய் செல்லும் ஆக்சிஜனேற்றத்தால் அவதிப்படுகிறது, நம் நல்ல செல்லைவிட அதிகமாகவே. 2014இல் ஸ்வீடனில் மார்ட்டின் பெர்கோ குழு, நுரையீரல் கட்டி தொடங்கிய எலிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்தபோது கட்டிகள் வேகமெடுத்தன. மறுவருடம் டல்லஸில் ஷான் மாரிசன் குழு, மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல் ரத்தத்தில் பயணிக்கும்போது ஆக்சிஜனேற்றத்தாலேயே பெரும்பாலும் செத்துப்போகிறது என்றும், ஆன்டி ஆக்சிடன்ட் கொடுத்தால் எலியில் பரவல் கூடுகிறது என்றும் காட்டியது. மாத்திரை நம் செல்லைக் காப்பாற்றும்போது எதிரியின் செல்லையும் காப்பாற்றிவிடுகிறது.

சிகிச்சை நேரத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை கட்டியைக் கொல்வதில் பெரும்பங்கு, உடலின் தண்ணீரை உடைத்து ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற கூர்மையான ஆக்சிஜனேற்றப் பொருள்களை உண்டாக்குவதன் மூலம்தான். கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் பக்க விளைவுகள் தணியும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் மாத்திரை எடுத்த காலத்தில் அவர்களுக்குப் புதிய புற்றுநோய்கள் அதிகம் வந்தன. மார்பகப் புற்றுநோய்க் கீமோதெரபி பெற்ற 1,134 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2020இல் வந்தது. சிகிச்சைக்கு முன்னும் சிகிச்சையின்போதும் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதலாகத் தெரிந்தது. புள்ளியியல் கணக்கில் அது முழு உறுதி பெறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உதவியது என்பதற்கு அதில் சான்றில்லை. பணம் கொடுத்து வாங்கும் சந்தேகம் எதற்கு?

இதை உணவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நெல்லிக்காயும் கீரையும் தக்காளியும் வழக்கம்போல் சாப்பாட்டில் இருக்கட்டும். கீமோவின்போது காய்கறி, பழங்களை நன்றாகக் கழுவி, முடிந்தவரை வேகவைத்துக் கொடுங்கள். வாய்ப்புண் வந்தால் புளி, காரம் குறையுங்கள். வெந்நீரில் கல் உப்பு போட்டு ஆறவைத்து வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பசி இல்லையென்றால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்து மருத்துவரே இரும்புச்சத்தோ வைட்டமினோ எழுதித் தந்தால் அதைத் தாராளமாகக் கொடுக்கலாம், அது வேறு கணக்கு.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்த டப்பாவைக் கோப்போடு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெயரை எழுதிக்கொண்டு போனால் போதாது. பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் பட்டியலை மருத்துவர் படிக்க வேண்டும். வீட்டில் வேறு கஷாயப் பொடி, லேகியம் ஏதாவது அம்மா எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று நினைத்து ஒன்றையும் மறைக்காதீர்கள்.